மொச்சைக்கு வராத தூக்கம்

மூங்கில் காட்டில் பூவாயி என்றொரு யானை இருந்தாள். அவள் கன்று மொச்சைக்கு இரண்டு வயது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். கன்று தூங்கப் படுத்தால் மொத்தக் கூட்டமும் நிற்கும். பிறந்த புதிதில் மொச்சைக்குக் காலையில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம். கன்று வளர்ந்துவிட்டான். பூவாயி மட்டும் அதே இரண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோடை வந்தது. மலையடியில் ஒரே ஒரு குட்டைதான் மிச்சம். கூட்டம் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் காட்டுப்பன்றிகள் புரண்டு அதைச் சேறாக்கிவிடும். மூன்று நாளாகக் குடித்தது வெறும் சேறு.

கூட்டத்தை நடத்தும் கருப்பாயி பொறுமை இழந்தாள். "இன்னிக்குக் காலையில நிக்க மாட்டோம், பூவாயி! வர்றதுன்னா வா, இல்லன்னா இங்கயே கெட!"

"தூங்கலைன்னா புள்ள சிணுங்குவான், அக்கா!"

"யாரு, இவனா? கண்ணை மூடிக்கிட்டு எறும்புக்கு வழி மறிக்கிறான், பாரு!"

உண்மைதான். மொச்சையின் துதிக்கை நுனி எறும்பு வரிசையில் விளையாடிக்கொண்டிருந்தது. பூவாயி பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

கூட்டம் நடந்தது. பூவாயிக்குப் பயம்தான். தனியாக நின்றால் தண்ணீரும் இல்லை, துணையும் இல்லை. ஆனாலும் நின்றாள்.

"தூக்கம் வரலைம்மா!"

"வரும். வாயை மூடு!"

அவள் மெல்ல முனகித் தாலாட்டினாள். மூங்கில் இலைகள் ஆடின. வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் நீந்தியது. சில்வண்டுகள் ஒரே சுருதியில் இழுத்தன. முனகல் தேய்ந்தது. பூவாயியின் இமை விழுந்தது.

கனவில் மொச்சை பிறந்த அன்று போல இருந்தான். கால் நடுங்க அவள் வயிற்றுக்குக் கீழே நின்றான். காடு முழுக்கப் பால் வாசனை. மேகம் ஒன்று இறங்கி வந்து இருவரையும் போர்த்தியது.

கண் விழித்தாள். கன்றைக் காணோம்!

புதர் முறிய, கல் உருள ஓடினாள். குட்டைக்கரையில்தான் நின்றாள். பன்றிகள் இன்னும் வரவில்லை. தெளிந்த தண்ணீரில் கூட்டத்தோடு மொச்சை முங்கிக்கொண்டிருந்தான்!

"என்னை விட்டுட்டா வந்தே?"

"நீ நல்லா தூங்கினே. எழுப்ப மனசு வரலை. பெரியம்மா பின்னாடியே ஓடி வந்துட்டேன்!"

கருப்பாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "தூக்கம் யாருக்கு வேணும்னு இப்பத் தெரியுது!"

பூவாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப இனிமே பகல் தூக்கமே கிடையாது, போ!"

மத்தியானம் ஆனது. மொச்சை காரணமே இல்லாமல் அழுதான். எல்லோரையும் முட்டினான். புல் கசக்கிறது என்றான். பூவாயி தன் வீம்பை விட்டுக் கிட்டே போய் நின்றாள். அவள் காலடியில் தொப்பென்று விழுந்தான். அடுத்த நொடி குறட்டை!

கூட்டம் சத்தமில்லாமல் சுற்றி நின்றது. மொச்சையின் பின்னங்கால்கள் அவள் நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூவாயி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஓரடி நகர்ந்து நின்றாள்.

"இந்தத் தூக்கமும் எத்தனை நாளைக்கு?" என்று கருப்பாயி கிசுகிசுத்தாள்.

"அவனே சொல்லுவான், அக்கா."

பிள்ளை வளர வளரத் தூக்கமும் மாறும். நேற்றைய தூக்கத்தை இன்றைய பிள்ளைமேல் திணிக்கக் கூடாது.