மூலையில் நின்ற கார்

மகளிர் கல்லூரி வாலிபால் கோர்ட்டின் பின்மூலையில்தான் தாளாளர் தர்மசீலன் தன் புதுக் காரை நிறுத்துவார். கோச் ஜெபக்கனி எடுக்கச் சொன்னாள்.

"ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத டீமுக்கு கோர்ட் ஒரு கேடா? கோப்பையோட வா, எடுக்கிறேன்."

"அப்போ கார் அங்கேயே நிக்கட்டும் சார்," என்றாள்.

மறுநாள் பிள்ளைகள் போட்ட சர்வீஸ் எல்லாம் டமார் டமாரென்று கார் மேலேயே இறங்கின. தாளாளர் அலறியடித்து ஓடிவந்தார்.

"பின்மூலையில விழுற பந்தை எதிர் டீம் எடுக்கிறது கஷ்டம் சார். கோப்பைக்கு அதைத்தான் பழகுறோம்."

அன்றே கார் இடம் மாறியது. பயிற்சி மாறவில்லை. முதல் வருஷப் பிள்ளைகள் கடைசி வருஷம் வரும்வரை அதே மூலைக்கே அடித்தார்கள். கோப்பை வந்தது.

பாராட்டு விழாவில் தாளாளர் மைக்கைப் பிடித்து, "எப்படிம்மா ஜெயிச்சீங்க?" என்றார்.

"ஃபைனல்ல பிள்ளைங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன் சார். அந்த மூலையில உங்க கார் நிக்குதுன்னு நினைச்சு அடிங்கன்னு."