தோசைக் கல்லில் ஏறிய கீரி

“டேய், விளக்குமாறு வருது! உள்ளே வா!” என்று பூனை வெள்ளச்சி கத்தியது.

கீரி மொச்சை தள்ளுவண்டிக்கு அடியில் உருண்டது. முன்னங்கால் வெந்துபோயிருந்தது. மேலே மாவுச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. தோசைக் கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்.

மொச்சைக்குக் கண்மாய்க் கரைதான் வீடு. நகரத்து இரவுக் கடைகளில் உள்ளூர்க்காரன் மாதிரி தின்ன வேண்டும் என்று வந்திருந்தது. எங்கே பிய்ந்த தோசை விழும், எங்கே மீன் துண்டு சிதறும் என்று வெள்ளச்சிதான் கூட்டிப்போய்க் காட்டியது. “அடுப்பு அணையும்வரை மேலே ஏறாதே” என்றும் சொல்லியிருந்தது.

கல்லில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டதுமே மொச்சை தாவிவிட்டது.

“தண்ணி ஊத்தினா நெருப்பு அணைஞ்சுடும்தானே அக்கா? எங்க வயக்காட்டுல அப்படித்தான்!”

“மண்டு! இங்கே ஒவ்வொரு தோசைக்கும் தண்ணி தெளிப்பாங்கடா!”

அதற்குமேல் திட்ட நேரமில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சாக்கில் வெள்ளச்சியின் மூன்று குட்டிகள் இருந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. இத்தனை நாள் கண்டுகொள்ளாமல் விட்ட கடைக்காரர், இன்று சாக்கை இழுத்துச் சாலையோரம் வீசினார்.

வெள்ளச்சி ஒரு குட்டியை எதிர்ப்பக்கச் சந்தில் விட்டுவிட்டு ஓடி வந்தது. இரண்டாவதைக் கவ்வுமுன் மொச்சையைப் பார்த்தது.

“மூணாவது குட்டி ரோட்டுப் பக்கம் ஊர்ந்துடும். நான் வர்றவரைக்கும் இங்கேயே இரு. நகராதே!”

“நகர மாட்டேன் அக்கா!”

பக்கத்துக் கடையில் மீன் துண்டு ஒன்று விழுந்தது. மொச்சை எட்டிப் பார்த்தது. இந்த முறை அடுப்பு நிஜமாகவே அணைந்திருந்தது. ‘ஒரே ஓட்டம்தானே! எனக்கும் இப்போ இந்த ஊர் தெரியும்!’

திரும்பி வந்தபோது சாக்கில் குட்டி இல்லை. வெள்ளச்சி சாலை நடுவே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. லாரிகள் ஹாரன் அடித்தன. பதில் குரல் மட்டும் வரவில்லை.

“எங்கேடா போனே?”

மொச்சையின் வாய் நிறைய மீன்.

ஓர் ஊரின் ருசி தெரிந்தவனெல்லாம் ஊர்க்காரனாகிவிட மாட்டான். நம்பி ‘இங்கேயே இரு’ என்று சொன்னால் இருக்க வேண்டும், மொச்சை இருக்கவில்லை.