சீட்டில்லாத தட்டு

மில் லைன் வீடு ஒன்றில் ஓர் இசைத்தட்டு இருந்தது. அதற்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிட வேண்டும். வரிசை பிசகினால் செய்தவன் தப்பித்துக்கொள்வான்.

முதலாவது, அதில் பாடியவள் நூற்பாலையில் நின்று வேலை பார்த்த பெண். கம்பெனிக்காரன் தட்டின் நடுவே ஒட்டும் சீட்டில் அச்சடித்ததோ ஆர்மோனியக்காரன் பெயரை. இரண்டாவது, வேலைநிறுத்தத்தின்போது அந்தப் பாட்டுக்குத் தடை வந்தது. போலீசுக்கு அடையாளம் தெரியக் கூடாதென்று சங்கத்துத் தோழர்களே அந்தச் சீட்டையும் சுரண்டி எடுத்தார்கள். மூன்றாவது, பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரைச் சொல்வது அந்தக் காலத்துத் தட்டுகளில் வழக்கம். அவளும் சொல்லியிருந்தாள். ஆனால் கூட்டத்தில் கடைசி அடி ஓய்வதற்குள் தலைவருக்கு ‘வாழ்க’ கிளம்பிவிடும். யாராவது ஊசியைத் தூக்கிவிடுவார்கள். அவள் பெயர் ஒரு காதிலும் விழுந்ததில்லை. நான்காவது, கூட இருந்த தட்டுகள் அதற்கு ‘மொட்டை’ என்று பட்டம் கட்டின.

இப்போது மில்லை மூடிவிட்டார்கள். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பழைய ஃபிட்டர் ஆவுடையப்பன் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவர் கால் நீட்டத்தான் இடம், தட்டுகளுக்கு இல்லை. ஆகவே சேர்த்து வைத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ள வியாபாரி செய்யது வந்து உட்கார்ந்திருந்தார்.

செய்யது எந்தத் தட்டையும் பாடவிட்டுப் பார்ப்பதில்லை. ஊசி பட்டால் தேயும், தேய்ந்தால் விலை இறங்கும் என்பது அவர் தொழில் பாடம். சீட்டைப் படிப்பார், வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்ப்பார், அவ்வளவுதான். மொட்டை கைக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன அண்ணாச்சி, இது மூளியா இருக்கு! யார் பாடினது?”

“தெரியலையே பாய். கூட்டத்துல போடுவோம்.”

தெரியலையாம்! எந்த ஊசியும் மொட்டையை அத்தனை ஆழமாகக் கீறியதில்லை.

“அப்போ இது கடிகாரத்துக்குத்தான் ஆகும். நடுவுல ஓட்டை தயாரா இருக்கு. முள்ளு மாட்டிச் சுவர்ல தொங்கவிட்டா நாலு பேர் வாங்குவான்.” செய்யது அதைத் தனியே வைத்தார்.

சிவப்புச் சீட்டு ஒட்டிய கச்சேரித் தட்டு இளித்தது. “கேட்டியா மொட்டை? இனிமே உனக்குச் சுருதி வேண்டாம், தாளம் மட்டும் போதும். டிக் டிக்!”

“கோவிச்சுக்காதே,” என்றது நாடகப் பாட்டுத் தட்டு. “கடிகாரமானா தினம் நாலு பேராவது உன் மூஞ்சியைப் பார்ப்பான்.”

“பார்ப்பான். கேட்கமாட்டான்,” என்றது மொட்டை. “உங்க பேர் தாள்ல இருக்கு. தண்ணி பட்டா போயிரும். என் பேர் உடம்புல வெட்டியிருக்கு. அவ சொன்னதை ஒருத்தன் கேட்காம என்னைச் சுவர்ல மாட்ட விடமாட்டேன்.”

“விடமாட்டியோ? கையா இருக்கு உனக்கு?”

மொட்டைக்குக் கை இல்லை. தலைகுனியும் பழக்கமும் இல்லை.

அடுத்து கிராமபோனின் முறை. அது ஓடுகிறதா என்று பார்த்துத்தானே வாங்க வேண்டும்? செய்யது நல்ல தட்டுகளைத் தொடவில்லை. தேய்ந்தாலும் நட்டமில்லாத ஒன்றைத் தேடி மொட்டையைத் தூக்கிப் போட்டார்.

“நான் மழுங்கின ஊசி. வலிக்கும்,” என்றது ஊசி.

“உழு. விளைஞ்சது வெளிய வரட்டும்.”

பாட்டு கிளம்பியது. அறுந்த நூலை முடிச்சுப் போடும் விரல்களின் பாட்டு. ஆவுடையப்பனின் உதடு அசைந்தது. கடைசி அடி முடிந்தது. “பெட்டி நல்லாத்தான் ஓடுது,” என்று செய்யது ஊசியைத் தூக்கக் கை நீட்டினார்.

‘வாழ்க’ போட அங்கே கூட்டம் இல்லை. அந்த அமைதியில் ஒருத்தி மூச்சு வாங்குவது கேட்டது.

ஆவுடையப்பன் செய்யதின் மணிக்கட்டைப் பிடித்தார். “இரும் பாய். அவ இன்னும் ஏதோ சொல்லுதா.”

ஆனால் அதற்குள் பெட்டிக்குக் கொடுத்த முறுக்குத் தளர்ந்துவிட்டது. குரல் எருமைக் கனைப்பாய் இழுத்து, நின்றது.

“அந்தக் காலத்துத் தட்டுல்லா, பேரு சொல்லியிருக்கா!” என்றார் ஆவுடையப்பன். “இவ பாட்டைப் போட்டு ஊரையே திரட்டினோம். இவளை ஒரு வார்த்தை பேச விட்டோமா?”

எழுந்து வாசலுக்குப் போய் லைன் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். கை வேலையைப் போட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். பழைய சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

“இந்தத் தட்டையும் விக்கேன் பாய். கடிகாரத்துக்கு இல்ல. யார் வாங்கினாலும் பேர் சொல்லித்தான் விக்கணும். சம்மதமா?”

“சம்மதம் அண்ணாச்சி. ஆனா பேர் என்னன்னு காதுல விழலையே?”

“இப்ப விழும். எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாளைக்கு இவர் மறந்தா நீங்கதான் சாட்சி.”

அவரே சாவியை முழுக்க முறுக்கினார். மொட்டை நிமிர்ந்து சுழன்றது. பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை, யாரும் கோஷம் போடவில்லை. மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, கணீரென்று:

“என் பேரு முத்துப்பேச்சி. சீவலப்பேரி முத்துப்பேச்சி.”