முள்ளம்பன்றியின் முதல் குதிரை

ஒரு நாரை டாக்டரா இருந்துச்சு. பேரு நெடுங்கால். குளத்தங்கரை மருதமரத்தடியிலதான் அவரோட ஆஸ்பத்திரி. ஆடு, எருமை, மான், குதிரை எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர்தான். வைத்தியத்துல கெட்டிக்காரர். வாய்தான் கொஞ்சம் நீளம். அலகைச் சொல்லல.

அவர்கிட்ட ஒரு வருஷப் பயிற்சிக்கு ஒரு முள்ளம்பன்றி வந்து சேர்ந்தான். பேரு முள்ளன். படிப்பை முடிச்சு பட்டம் வாங்கின கையோட வந்திருந்தான். ஊசி வேணும்னா முதுகுலேர்ந்து ஒண்ணைப் பிடுங்கிக்குவான்.

முதல் நாளே நெடுங்கால் சொன்னார், "புஸ்தகத்துல குதிரை அசையாம நிக்கும். இங்க உதைக்கும். தெரியலைன்னா கேளு."

முள்ளன் கேட்டான்.

"டாக்டர், இந்த ஆட்டுக்கு இடது பக்கம் வயிறு உப்பியிருக்கு. குத்திக் காத்தை எடுக்கலாமா, இல்ல முதல்ல எண்ணெய் குடுத்துப் பாக்கலாமா?"

நல்ல கேள்விதான். ஆனா அன்னிக்கு வரிசையில பத்து பேர் நின்னாங்க. கூட்டத்தைப் பாத்தா நெடுங்காலுக்கு நாக்கு அரிக்கும். கழுத்தைக் குறுக்கினார், கண்ணை உருட்டினார், அச்சு அசலா முள்ளன் குரல்லயே ஆரம்பிச்சார்.

"டா... டாக்டர், இது ஆடுதானே டாக்டர்? தாடி வச்சிருக்கே. ஒருவேளை சாமியாரோ?"

எருமை சிரிச்ச சிரிப்புல அதோட மூக்குல தண்ணி வந்துடுச்சு. வயிறு உப்பிக் கிடந்த ஆடே சிரிச்சுது. எல்லாம் அடங்கின பிறகு, "எண்ணெய் குடு, கேக்கலைன்னா குத்திக்கலாம்"னார். பதில் சரியான பதில். ஆனா முள்ளன் காதுல விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

மறுநாள் இன்னொரு கேள்வி. இன்னொரு சிரிப்பு. மூணாவது வாரம் முள்ளன் கேக்கறதையே விட்டுட்டான்.

'பரவாயில்லயே, பய தேறிட்டான்'னு நினைச்சுக்கிட்டார் நெடுங்கால்.

ஒருநாள் காலையில ஏரிக்கரை எருமைக்குப் பிரசவம். கன்னு கால் மடங்கிக் குறுக்க நிக்குதுன்னு சேதி வந்துச்சு. நெடுங்கால் கிளம்பினார்.

"சந்தேகம்னா மேல இருக்கற மரங்கொத்தியை மரத்துல தட்டிச் சேதி சொல்லச் சொல்லு. ஏரி வரைக்கும் கேக்கும். உடனே வந்துடறேன்."

அவர் தலை மறைஞ்ச கொஞ்ச நேரத்துல ரெண்டு குதிரைங்க வந்துச்சு. அக்கா பேரு மயிலை, தங்கச்சி பேரு செவலை. செவலைக்கு நடக்கவே முடியல. அக்கா தோளைக் குடுத்துத் தள்ளிக்கிட்டு வந்தா.

"காட்டோரமா வண்டி கவுந்து ஒரு மூட்டை கொள்ளு சிந்திக் கெடந்துச்சு டாக்டரே," மயிலை சொன்னா. "மொத்தத்தையும் தின்னுட்டா. அதோட விட்டாளா? குளத்துல இறங்கித் தண்ணியும் குடிச்சிருக்கா."

"நீயும்தான தின்ன," செவலை முனகினா.

"நான் தின்னது ரெண்டு வாய். நீ தின்னது மூட்டைடீ."

செவலை காலால தரையைக் கீறினா, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாத்தா, தொப்புன்னு விழுந்து புரண்டா. உடம்பெல்லாம் வேர்வை.

முள்ளனுக்கு என்ன விஷயம்னு உடனே புரிஞ்சுது. கொள்ளு ஊறினா ரெண்டு மடங்கு ஆகும். நாய்னா வாந்தி எடுத்துத் தப்பிச்சுக்கும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது. உள்ள போனது மேல வராது. மூக்கு வழியா நீளமான தாமரைத் தண்டை வயித்துக்குள்ள விட்டு, இருக்கறதை வெளிய இறக்கணும். அவன் படிச்சிருக்கான். நெடுங்கால் செய்யறதைப் பாத்தும் இருக்கான். தன் கையால ஒரு தடவை கூடச் செஞ்சதில்ல. "நான் விட்டுப் பாக்கட்டுமா டாக்டர்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவர் கத்துக் குடுத்திருப்பார்.

வலிக்கு மருந்து குடுத்துட்டு தண்டை விட்டான். செவலை இருமினா. ஐயோ, மூச்சுக்குழாய். உருவிட்டு மறுபடி விட்டான். மறுபடி இருமல். மூக்குல ரத்தம்.

"பெரியவரக் கூப்பிடுப்பா," மயிலை கெஞ்சினா.

மேல கிளையிலேர்ந்து மரங்கொத்தி கேட்டுச்சு, "தட்டவா?"

முள்ளன் திரும்பிப் பாத்தான். வரிசையில எருமை நிக்குது, ஆடு நிக்குது. அவன் மண்டைக்குள்ள ஒரு குரல் ஆரம்பிச்சிடுச்சு. 'டா... டாக்டர், குதிரைக்கு மூக்கு எந்தப் பக்கம் டாக்டர்?' யாரும் இன்னும் சொல்லல. அவனா சொல்லிக்கிட்டான்.

"வேணாம். மருந்து வேலை செய்யட்டும். கொஞ்சம் பொறுப்போம்."

வெயில் ஏறிச்சு. செவலை புரண்டுக்கிட்டே இருந்தா.

"தட்டறது என் மூக்குதானே, உனக்கென்ன வலிக்குது?"ன்னுச்சு மரங்கொத்தி.

"பொறுன்னு சொன்னேன்ல."

உச்சிவெயில்ல செவலை சட்டுனு புரளறதை நிறுத்தினா. எந்திரிச்சு நின்னா.

"அக்கா, வலி போயிடுச்சுக்கா."

மயிலைக்கு அழுகையே வந்துடுச்சு. எருமை தலையை ஆட்டி, "சின்ன டாக்டர் சின்ன டாக்டர்னு இனிமே எவனும் சொல்லப்படாது"ன்னுச்சு. சிலுத்துக்கிட்டிருந்த முள்ளெல்லாம் முள்ளனுக்கு அப்படியே படிஞ்சுது. இப்போ அவனே மேல பாத்துச் சொன்னான், "தட்டு. குதிரைக்கு வயித்து வலி, நானே பாத்துட்டேன், திடீர்னு குணமாயிடுச்சுன்னு தட்டு."

ஏரிக்கரையில கன்னு அப்பதான் வெளிய வந்திருந்துச்சு. நெடுங்கால் சேதியைக் கேட்டார். 'திடீர்னு'ங்கற இடத்துல அவர் முகம் மாறிச்சு. அலகைக் கூடக் கழுவாம பறந்தார்.

வந்ததும் செவலையோட உதட்டைத் தூக்கிப் பாத்தார். ஈறு நாவப்பழ நிறத்துல இருந்துச்சு. காதைத் தொட்டார். சில்லுன்னு இருந்துச்சு. முள்ளனைத் தனியா கூட்டிட்டுப் போனார்.

"தண்டுல எவ்வளவு வந்துச்சு?"

"உள்ள போகவே இல்ல டாக்டர்."

"வலி கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, ஒரே நொடியில நின்னுச்சா?"

"ஒரே நொடியில."

"வயிறு வெடிச்சிடுச்சு முள்ளா. முட்டிக்கிட்டு நிக்கிற வரைக்கும்தான் அந்த வலி. கிழிஞ்சதும் நின்னுடும். பொழுது சாயற வரைக்கும் தாங்கினா பெருசு."

"தைக்க முடியாதா?"

"முடியாது. ஏண்டா கூப்பிடல?"

முள்ளன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான், "எல்லாரும் நின்னாங்க. பேசிக் காட்டுவீங்கன்னு."

நெடுங்கால் வரிசையில நின்னவங்களைத் திரும்பிப் பாத்தார்.

"சின்ன டாக்டரே, வீட்டுக்குப் போகலாமா?" அங்கேர்ந்து செவலை கேட்டா.

"நான் போய்ச் சொல்றேன்," முள்ளன் கிளம்பினான்.

"தனியா வேணாம். நானும் வரேன்."

ரெண்டு பேரும் போனாங்க. நெடுங்கால்தான் பேசினார். உள்ளது உள்ளபடி சொன்னார். செவலை கேட்டுக்கிட்டா.

"அப்ப இந்த வலி நின்னது?"

"குணமாகி நிக்கலம்மா."

அவ குளத்தைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் மெல்லப் படுத்தா. "அக்கா, பக்கத்துல வாயேன். குளிருது."

மயிலை ஒட்டிப் படுத்துக்கிட்டா. பொழுது சாயறதுக்குள்ள ஒரு மூச்சு நின்னுடுச்சு. மயிலை எந்திரிச்சா. டாக்டருங்க ரெண்டு பேரையும் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"காலையிலயே கூப்பிட்டிருந்தா?"

"பொழைச்சிருப்பா," நெடுங்கால் சொன்னார்.

மயிலை தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வந்த வழியில தனியா நடந்து போனா.

தெரியாததைக் கேக்க வெக்கப்படறவனும், கேட்டவனைக் கேலி பண்றவனும் சேந்து வைத்தியம் பாத்தா, சாகறது அந்த ரெண்டு பேர்ல ஒருத்தனும் இல்ல, அவங்களை நம்பி வந்த மூணாவது உசுரு.