துண்டுக்குள் போன இரண்டு கைகள்

இதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியும். பேரைச் சொல்ல மாட்டேன். வீடு வாங்க வருகிறவன் மடியில் அரசு உதவித்தொகை இவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவன் காதில் தண்டோரா போட்டீரே, ஐயா, அது உதவியா? கோபம் வந்தால் அடக்கிக்கொண்டு கதையைக் கேளும்.

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனசு, அவசர புத்தி. அந்த நாட்டு மாட்டுச் சந்தையில் ஒண்டிமுத்து என்றொரு தரகன். கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலை முடிப்பான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தொகை தெரியாது. அவனும் மனைவி வீராயியும் குடியிருந்தது சந்தைக் கொட்டகையில், மாடுகளோடு. வீராயிக்கு ஏழாம் மாதம். ஐப்பசி மழைக்குள் சொந்தக் கூரை வேண்டும். பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டிச் சேர்த்த நாற்பது பொன்னோடு குளத்தங்கரை மனை வாங்கப் புறப்பட்டான்.

அன்று காலைதான் தண்டோரா: "முதல் வீடு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் இருபது பொன்! வாசல் நிலை வைத்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம்!"

துள்ளிக் குதித்து ஓடினான். நாற்பது பொன் மனை அறுபதாகியிருந்தது. அரசர் பரிசை நாற்பதாக்கினார். மனை எண்பதாயிற்று. மனை இல்லாமல் நிலையை எங்கே வைப்பது?

"அவர் கொடுக்கக் கொடுக்க மனை ஏன்டி தூரமா போகுது?" என்றான்.

"என்னைக் கேட்டா? கொடுத்த மகராசனைக் கேளுங்க!" என்றாள் வீராயி.

அவைக்குப் போய்க் கத்தினான். "மகாராஜா, உங்கள் பரிசால் நாற்பது பொன் மனை எண்பதாகிவிட்டது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!"

அரசர் விழித்தார். "கொடுத்தால் வாழ்த்துவார்கள், இவன் திட்டுகிறானே! விலை இரண்டு மடங்கென்றால் மனையும் இரண்டு மடங்கு வளர்ந்திருக்குமே?"

ஆள் அனுப்பி அளந்து பார்த்தார்கள். வளரவில்லை. அரசருக்கு இன்னும் குழம்பியது.

பரிசு யோசனையைச் சொன்னவர் அமைச்சர் பூவராகர். குளத்தங்கரை மனைகள் அத்தனையும் அவருடையவை. "பரிசு போதவில்லை, மன்னா. அறுபதாக்குங்கள். சாணி மிதிக்கிறவனுக்கு மனை விலை என்ன தெரியும்?" என்றார்.

"துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவீரா, ஐயா?" என்று கேட்டான் ஒண்டிமுத்து.

"உன்னைவிட நன்றாகவே!"

ஒண்டிமுத்து அரசர் காதில் ஏதோ சொன்னான். "பூசைக்கு நேரமாயிற்று" என்று அரசர் எழுந்து போனார். சற்று நேரத்தில் அவை நடுவே ஒரு திரை தொங்கியது.

"திரைக்குப் பின்னால் இரண்டு பேர் உங்கள் மனையைக் கேட்கிறார்கள். ஒருவர் வெளிநாட்டுக் குதிரை வியாபாரி, பரிசு கிடையாது. மற்றவர் உள்ளூர், பரிசு உண்டு. விரலுக்குப் பத்து பொன்" என்றான் ஒண்டிமுத்து பூவராகரிடம்.

திரை இடுக்கில் வியாபாரியின் வலது கை நீண்டது. துண்டு விழுந்தது. பூவராகர் ஐந்து விரலைப் பிடித்தார். கை உதறியது. நான்கு பிடித்தார். கை இறுகியது. 'யார் பார்க்கிறார்கள்?' என்று நாற்பதுக்குச் சம்மதித்தார்.

அடுத்து உள்ளூர்க்காரரின் இடது கை. முதலில் ஐந்து, பிறகு மூன்று என எட்டு விரலாகப் பிடித்தார். கை உதறியது. மறுபடி ஐந்தும் மூன்றும். எத்தனை உதறியும் ஒரு விரல்கூடக் குறைக்கவில்லை.

ஒண்டிமுத்து திரையை இழுத்தான். மோதிரங்களைக் கழற்றிவிட்டு அரசர் ஒருவரே உட்கார்ந்திருந்தார்.

"வலது கைக்கு நாற்பது, இடது கைக்கு எண்பதா, பூவராகரே? நடுவிலுள்ள நாற்பது என் கஜானாவில் இருந்து வருவதல்லவா!"

அரசர் முத்து மாலையைக் கழற்றி ஒண்டிமுத்துவிடம் நீட்டினார்.

"மாலை எதற்கு, மகாராஜா? கொட்டகையில் மாட்டினால் மாடு தின்னும். நாற்பதை வாங்கிக்கொண்டு மனையைக் கொடுக்கச் சொல்லுங்கள்."

அப்படியே ஆயிற்று. தண்டோரா நின்றது. அரசர் தன் வேட்டைக்காட்டை மனைகளாகப் பிரித்து, வீடில்லாதவர்களுக்கு ஒரே விலையில் கொடுத்தார். வெயிலில் அளவுக் கயிறு பிடித்தவர் பூவராகர். முதல் மழைக்கு முந்தின நாள் வீராயி தன் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசினாள்.

அந்த அரசரும் குழம்பினார், ஐயா. ஆனால் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். நீர் இன்னும் உதவித்தொகையைக் கூட்டிக்கொண்டே இருக்கிறீர். இதோ என் துண்டு. மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடும். எங்கள் விலை உமக்கும் தெரியட்டும். அப்புறமாவது இதைச் சரிசெய்யும்; மேகம் கறுத்துவிட்டது.