கோலமாவு வைத்த கற்கள்

சேலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பொன்னரசுவுக்கு ஐம்பதாவது வயதில் மலைச் சைக்கிள் பித்துப் பிடித்தது. சிலருக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். இவருக்கு இது வந்தது.

அவருடைய குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். பெயர் ரெஜினா, ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வருடந்தோறும் நடக்கும் மலைச் சைக்கிள் இறக்கப் போட்டியில் பெண்கள் கோப்பை தொடர்ந்து அவருக்குத்தான். பொன்னரசு அவரை டீச்சர் என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

போட்டிப் பாதையில் குரங்குப்பாறை வளைவு என்று ஓர் இடம் உண்டு. சரிவு முழுக்கக் கற்கள் தலை நீட்டிக்கொண்டிருக்கும். போன வருடம் அங்கே விழுந்துதான் பொன்னரசு தோள் எலும்பை முறித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா அந்தச் சைக்கிள் இந்த வீட்டுல இருக்காது" என்று சொல்லிவிட்டாள் மனைவி கோமளா.

அவரும் தலையாட்டிவிட்டார். ஆனால் சைக்கிள் போனால் ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவர் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விழாமலிருக்க யோசனை கேட்டார். சக்கரம் பெரிதானால் கல்லில் தானாக ஏறிவிடும் என்றார் ஒருவர். பெரிதாக்கினார். பின்னாலும் சஸ்பென்ஷன் இருந்தால்தான் சைக்கிள் என்றார் இன்னொருவர். அதையும் வாங்கினார். டயரில் காற்றைக் குறை என்றார்கள். குறைத்ததும், கூட்டு என்றார்கள். ஒவ்வொரு முறையும் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"எப்படி டீச்சர்?"

"நல்ல சைக்கிள்ண்ணா."

"போன தடவையும் இதேதான சொன்னீங்க?"

"அதுவும் நல்ல சைக்கிள்தான்."

போட்டிக்கு முதல் நாள் எல்லோரும் பாதையை நடந்து பார்ப்பது வழக்கம். பொன்னரசு கோமளாவின் கோலமாவு டப்பாவோடு வந்தார். வளைவில் குந்தி உட்கார்ந்து, ஆபத்தான கல் ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை வைத்தார்.

"அண்ணே, மார்கழி போயி ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தார்கள் பையன்கள்.

அன்று மாலை ஒத்திகை ஓட்டம். பொன்னரசு நேராக வந்து, வெள்ளை வைத்த முதல் கல்லிலேயே மோதினார். காலை ஊன்றியதால் விழாமல் தப்பினார். வெள்ளை வைக்காத கல் எதையும் அவர் சக்கரம் தொடவில்லை. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மலை முழுக்க மூடுபனி. காப்பி பூத்திருந்தது. எங்கே பூ முடிகிறது, எங்கே பனி தொடங்குகிறது என்று தெரியவில்லை. வாசனை மட்டும் சைக்கிளோடு கூடவே வந்தது. கனவில் ஓட்டுவது போலிருந்தது பொன்னரசுவுக்கு. வளைவு வரும்வரை.

வளைவில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டதும் இரண்டு பிரேக்கையும் பிடித்தார். இறங்கி ஓரமாக நின்றார்.

அவருக்கு அடுத்துக் கிளம்பி வந்த டீச்சரும் நிறுத்தினார்.

"நீங்க போங்க டீச்சர். போட்டி நடக்குது."

"நீங்கண்ணா?"

"நான் உருட்டிக்கிட்டே எறங்கிடறேன். போயி சைக்கிள வித்துடலாம்னு இருக்கேன்."

டீச்சர் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மொதக் கல்லு எப்படி இருக்கும்ண்ணா?"

"பன்னி முதுகாட்டம். எடது பக்கம் ஒரு வெடிப்பு."

"ரெண்டாவது?"

"தோசைக்கல்லாட்டம் தட்டை. ஓரம் மட்டும் கூரு."

பொண்டாட்டி பிள்ளைகளைச் சொல்வதுபோல் சொன்னார். அதற்குள் இன்னொரு பெண் சர்ரென்று அவர்களைத் தாண்டி இறங்கினாள். இந்த வருடத்துக் கோப்பை அவளோடு போய்விட்டது. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, அந்த ரெண்டு கல்லுக்கும் நடுவுல?"

பொன்னரசு யோசித்தார்.

"ஒண்ணுமில்லீங்களே."

"நான் அது வழியாத்தாண்ணா போறேன்."

பனி அவர்கள் மேல் மெல்ல நகர்ந்தது. பொன்னரசு சைக்கிளில் ஏறினார்.

"நீங்க முன்னால போங்க டீச்சர். உங்க முதுகையே பாத்துக்கிட்டு வந்துடறேன்."

டீச்சர் இறங்கினார். பொன்னரசு பிரேக்கை விட்டார். சக்கரம் உருண்டது. இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஏதோ நகர்ந்து போயிற்று. அது கல்லா, உதிர்ந்த பூவா என்று அவர் பார்க்கவில்லை. முன்னால் அசையும் அந்த முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. பிறகு பனி அடர்ந்தது. முதுகும் மறைந்தது.

"டீச்சர்! உங்களக் காணோமே!" என்று அலறினார்.

கீழே பனிக்குள்ளிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"வளைவைத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டீங்கண்ணா. இனிமே என்னையும் பாக்காம வாங்க."