ஓசை அடங்கிய வில்

முன்னொரு காலத்தில், மான்களுக்கு ராஜமரியாதையே தெரியாத ஒரு நாட்டை வச்சிரகேது என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவனிடம் பாட்டன் காலத்து வில் ஒன்று இருந்தது. இரு முனைகளும் முன்பக்கம் வளைந்த அழகான வில்தான். ஆனால் நாணை விட்டால் 'டணார்' என்று ஊரே கேட்கும். அம்பு போய்ச் சேருமுன் மான் போய்விடும். போதாக்குறைக்கு, நாணோசை கேட்டதும் "வெற்றி! வெற்றி!" என்று கூவுவது அந்த அவையின் வழக்கம். முந்திக் கூவுகிறவனுக்கு மன்னன் கையால் தாம்பூலம். எப்போதும் முந்துகிறவன் படைக்கலத் தலைவன் உக்கிரசேனன்.

ஒருநாள் வெறுங்கையோடு வேட்டையிலிருந்து திரும்பிய மன்னன், "ஓசையில்லாத வில் வேண்டும்!" என்று கொதித்தான். விகடகவி கூத்தபிரானைக் கண்டாலே உக்கிரசேனனுக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று எழுந்தான்.

"மன்னர் மன்னா! வாயாலேயே வானத்தை வளைக்கும் கூத்தபிரான், இந்த வில்லின் வாயை அடைக்க மாட்டாரா?"

"நல்ல யோசனை. கூத்தபிரா, எட்டு நாள் தருகிறேன். நான் எய்வது ஒருவர் காதில் விழுந்தாலும் நீ நாட்டை விட்டே போகவேண்டும்."

"கேட்டுச் சொல்ல எங்கள் காதுகள் இருக்கின்றன, மன்னா" என்றான் உக்கிரசேனன், தேனொழுக.

கூத்தபிரான் வில்லை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினான். பெண்டாட்டி பிள்ளைகளோடு எந்த நாட்டுக்குப் போவது? ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. இவனுக்கு வாய் மட்டும்தான் உண்டு, கை கிடையாது என்றல்லவா நினைத்துவிட்டார்கள்!

மூன்று நாள் வில்லைக் காதருகே வைத்துச் சுண்டிக்கொண்டே இருந்தான். விஷயம் பிடிபட்டது. திரும்பி வரும் நாண், வில்லின் வளைவில் பளீரென்று அறைகிறது. அப்புறமும், மருமகளைத் திட்டி முடித்த மாமியாரைப் போல நெடுநேரம் முணுமுணுக்கிறது. வளைவுகளில் மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டினான். நாணை நாலு முறுக்கு கூட்டினான். அம்பைக் கொஞ்சம் கனமாக்கினான். பிறகு கத்தரியோடு கம்பளியை எடுத்தான்.

"ஐயோ, போர்த்துற கம்பளிய ஏன் வெட்டுறீக?" என்று பாய்ந்து வந்தாள் மனைவி செங்கமலம்.

"வில்லுக்குக் குளிருதாம் புள்ள" என்று சொல்லி, கம்பளி மயிரைக் குஞ்சம் குஞ்சமாக நாணில் கட்டினான். எய்து பார்த்தான். குழந்தை பெருமூச்சு விட்டதுபோல் 'புஸ்' என்றது. கூத்தபிரான் மீசையை முறுக்கிக்கொண்டான்.

எட்டாம் நாள் மைதானத்தில் அவையோர் மன்னனுக்கு நாற்பதடி பின்னால், முதுகைக் காட்டி நின்றார்கள். மன்னனுக்கு எதிரே வெகுதூரத்தில் ஒரு வைக்கோற்போர். கூத்தபிரான் மன்னன் காதில் ஏதோ சொன்னான். மன்னன் புருவத்தை உயர்த்தினான், தலையசைத்தான்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவையோர் ஒருவரும் அசையவில்லை. உக்கிரசேனன் மட்டும் கொட்டாவி விட்டான்.

பிறகு கூத்தபிரான் உரக்கச் சொன்னான்: "மன்னா, இப்போது எய்யுங்கள்!"

"வெற்றி! வெற்றி!" என்று அலறினான் உக்கிரசேனன். "கேட்டது மன்னா! இடி இடித்ததுபோல் கேட்டது!"

"எனக்கும் கேட்டது!" "என் காதே அடைத்துவிட்டது!" என்று மற்றவர்களும் முண்டியடித்தார்கள்.

"திரும்பிப் பாருங்கள்" என்றான் மன்னன்.

திரும்பினார்கள். மன்னன் நாணை இழுத்துப் பிடித்திருந்தான். அம்பு இன்னும் அதில்தான் இருந்தது. வைக்கோற்போரிலோ வேறு மூன்று அம்புகள் குத்தி நின்றன.

"எய்த மூன்றும் உங்கள் காதில் விழவில்லை, எய்யாத ஒன்று இடியாய் விழுந்ததோ?" என்று கேட்ட மன்னனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வில்லைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். உக்கிரசேனனின் முகம் செத்துப்போயிற்று.

"இத்தனை நாள் உன் வாயைத்தான் மெச்சினேன், கூத்தபிரா. இன்று உன் கையை மெச்சுகிறேன்" என்று மன்னன் தன் பொற்கடகத்தைக் கழற்றி அவன் வலக்கையில் பூட்டினான்.

அன்று கூத்தபிரான் வழக்கமாகப் போகும் குறுக்குச் சந்தை விட்டு, தேரோடும் வீதியின் நட்டநடுவே, கடகம் பூட்டிய கையை வீசி வீசி வீட்டுக்கு நடந்தான்.